சூப்பர் அம்மாவும் லட்டு லிங்கமும்

சித்தூர் நமக்குத் தூரத்து ஊரில்லை. வேலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். 2011இல் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 'சூப்பர் அம்மா' என்றொரு பிரச்சாரம் நடந்தது. சோப்புப் போட்டுக் கைகழுவ வைப்பதுதான் நோக்கம். ஆனால் கிருமி, நோய் என்று பாடம் நடத்தவில்லை. அருவருப்பையும் தாய்ப்பாசத்தையும் தூண்டினார்கள். அருவருப்புக்கு லட்டு லிங்கம்: அழுக்குக் கையோடு லட்டு உருட்டும் கோமாளி. பாசத்துக்கு, நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்து மகனை முன்னுக்குக் கொண்டுவரும் தாய்.

பலன் இருந்தது. 14 கிராமங்களில் செய்த ஆய்வு 2014இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. கழுவவேண்டிய நேரங்களில் சோப்புப் போட்டது தொடக்கத்தில் சராசரியாக 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆறு மாதம் கழித்து, பிரச்சாரம் நடந்த ஊர்களில் 37. நடக்காத ஊர்களில் 6. இந்த எண்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. யார் கை எதில் படலாம் என்று அருவருப்பை வைத்தே சாதி தீர்மானித்துவந்த மண்ணில், அழுக்கைப் பிறப்பில் வைக்காமல் செய்கையில் வைத்ததும் நல்லதே.

என் சிக்கல் அம்மாவிடம் இருக்கிறது. லிங்கத்தைப் பார்த்து ஊர் சிரித்ததும் அவன் வேலை முடிந்துவிடுகிறது. பெண்களோ ஊர்முன் நின்று உறுதிமொழி எடுத்தார்கள்: நானும் கழுவுவேன், பிள்ளைகளையும் கழுவ வைப்பேன் என்று. பிரச்சாரத்தின் பெயரிலேயே அப்பாவுக்கு இடமில்லை. அவர் வேறு பொருளில் கைகழுவிவிடலாம்!

அப்பாவைக் காட்டிய விளம்பரமும் உண்டு. 2013இல் வந்த லைஃபாய் படத்தில், பிள்ளைக்கு 5 வயது நிறைந்த மகிழ்ச்சியில் தலைகீழாகக் கையால் நடந்தே ஒருவர் கோயிலுக்குப் போகிறார். பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அங்கே அவருக்குக் கொண்டாட்டம்; இங்கே அம்மாவுக்குத் தினசரிக் கடமை.

பாசத்தைத் தூண்டினால் கூடவே குற்றவுணர்வும் எழும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சியைக் கேட்பவர் குறைவு. "கைகழுவிட்டுதான் ஊட்டினியா?" என்று அம்மாவைத்தான் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா சாப்பிட்டு எழுந்து முற்றத்தில் கையை நீட்டுவார். பாட்டி செம்பிலிருந்து ஊற்றுவார். அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து சுமந்து வந்தவரும் பாட்டிதான். தாத்தாவின் கை சுத்தமாகத்தான் இருந்தது. அவரை எந்தக் கணக்கெடுப்பும் தேறியவர் பட்டியலில்தான் சேர்த்திருக்கும். லட்டு லிங்கம் ஒரு காட்சியிலாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தால், பாட்டியும் சேர்ந்து சிரித்திருப்பார்.