அட்வகேட் ஜெனரலும் கடைமடையும்

காவிரி நடுவர் மன்றம் அமைவதற்குக் காரணமான வழக்கைத் தொடுத்தது தமிழ்நாடு அரசு இல்லை. மன்னார்குடி எஸ்.ரங்கநாதன் முன்னின்ற விவசாயிகள் சங்கம் ஒன்று. 'தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம்' என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயர் அதற்கு. 1983இல் அரசியலமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்கீழ் அந்தச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1990 மே 4 அன்று, நடுவர் மன்றம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 2இல் மன்றம் அமைந்தது.

மாநில அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 1971இலேயே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சொன்னதை நம்பி மறு ஆண்டே திரும்பப் பெற்றது. அடுத்த பத்தாண்டுகளில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பேச்சு மட்டும் முடியவில்லை. நடுவர் மன்றம் வேண்டும் என்று தமிழ்நாடு முறைப்படி மத்திய அரசிடம் கேட்டது 1986 ஜூலையில்தான், சங்கம் வழக்குத் தொடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. சங்கத்தின் மனுவை மாநில அரசும் ஆதரித்து நின்றதால்தான் 1990 உத்தரவு சாத்தியமாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1972இல் வழக்கைத் திரும்பப் பெற்றது அரசியல் முடிவு. எந்த வழக்கறிஞர் தலையிலும் அதைக் கட்ட முடியாது. ஆனால், சட்ட விஷயங்களில் அரசுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே அரசியலமைப்புச் சட்டம் ஒரு பதவியை வைத்திருக்கிறது. மாநிலத்தின் உரிமை வழக்கைக் கடைமடை விவசாயிகள் சுமக்க நேர்ந்தபோது அந்தப் பதவி எதற்காக இருந்தது என்று கேட்பது நியாயம்தான்.

அட்வகேட் ஜெனரல் பதவி கும்பினி காலத்துச் சரக்கு. 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் வந்த பிறகும் வெகுகாலம் அதில் வெள்ளைக்கார பாரிஸ்டர்களே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தற்காலிகமாக அதில் அமர்ந்த வி.பாஷ்யம் ஐயங்கார்தான் முதல் இந்தியர். பிறகு சி.சங்கரன் நாயர். அவருக்குப் பின் வந்த பி.எஸ்.சிவசாமி ஐயர் நம் தஞ்சை ஜில்லாக்காரர், பழமானேரியில் பிறந்தவர். திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரில் இன்றும் பள்ளிக்கூடம் நடக்கிறது.

அந்தக் காலத்து வரிசையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: பலரும் அந்த நாற்காலியோடு நின்றுவிடவில்லை. சங்கரன் நாயர் அங்கிருந்து உயர் நீதிமன்ற நீதிபதியானார். சிவசாமி ஐயர் 1912இல் கவர்னரின் நிர்வாக சபைக்குப் போனார். எஸ்.சீனிவாச ஐயங்கார் 1920இல் பதவியைத் துறந்து காங்கிரசுக்குப் போய், 1926இல் கௌகாத்தி மாநாட்டுக்குத் தலைவரே ஆனார். அடுத்து வந்த சி.பி.ராமசாமி ஐயர் 1923இல் நிர்வாக சபையின் சட்ட உறுப்பினரானார். பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1924 பிப்ரவரி 18 அன்று மைசூருடன் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானதும், மறு ஆண்டு மேட்டூர் அணை வேலை தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். நேற்றுவரை அரசின் வழக்கறிஞராக இருந்தவர் இன்று பாசனத்துக்குப் பொறுப்பாளர். இது டெல்டாவுக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் கணிப்பு. ஆனால், ஏணியில் அடுத்த படி எங்கே என்று பார்க்கிற பதவியில், மேலே இருப்பவரிடம் 'முடியாது' என்று சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வாய்க்காது.

அப்படித் தாவாமல் இருந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1929 முதல் 1944 வரை பதினைந்து ஆண்டுகள். பின்னர் அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு அமர்ந்தார். அந்தக் குழு 1948இல் வெளியிட்ட வரைவில், 145ஆவது பிரிவாக இருந்த அட்வகேட் ஜெனரல் பிரிவில் ஒரு வாசகம் இருந்தது: முதலமைச்சர் பதவி விலகினால் அட்வகேட் ஜெனரலும் விலக வேண்டும். இறுதிச் சட்டத்தில் அந்த வாசகம் நீங்கியது. இன்றைய 165ஆவது பிரிவின்படி அவரை ஆளுநர் நியமிக்கிறார், ஆளுநர் விரும்பும் வரை அவர் இருப்பார், உயர் நீதிமன்ற நீதிபதியாவதற்குரிய தகுதி வேண்டும். 177ஆவது பிரிவின்படி சட்டமன்றத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. முதலமைச்சரோடு விழ வேண்டிய கட்டாயம் காகிதத்தில் போய்விட்டது. வழக்கத்தில் அது அப்படியே திரும்பி வந்துவிட்டது.

முதல் இருபது ஆண்டுகளில் அது அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. வி.கே.திருவேங்கடாச்சாரி 1951 முதல் 1964 வரை இருந்தார். குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் என நான்கு முதலமைச்சர்களைப் பார்த்தார். எல்லோரும் ஒரே கட்சிதானே என்று கேட்கலாம். ஆனால், அதே காங்கிரஸ் ஆட்சி 1966இல் கம்யூனிஸ்டான மோகன் குமாரமங்கலத்தை அந்தப் பதவியில் அமர்த்தியதை என்னவென்று சொல்வது? சட்ட அறிவு ஒன்றையே பார்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கட்சி அட்டையை மட்டும் பார்க்கவில்லை என்று சொல்லலாம்.

இன்றைய காலத்துக்கு வருவோம். 2006இலிருந்து 2024 ஜனவரி வரை எண்ணினால் விடுதலை, மாசிலாமணி, பி.எஸ்.ராமன், நவநீதகிருஷ்ணன், சோமயாஜி, முத்துக்குமாரசாமி, விஜய் நாராயண், சண்முகசுந்தரம், மறுபடி பி.எஸ்.ராமன் என்று ஒன்பது நியமனங்கள். அல்லாடியும் திருவேங்கடாச்சாரியுமாக இருவர் இருபத்தெட்டு ஆண்டுகளை ஓட்டிய நாற்காலி இது. ஆட்சி மாறினால் ஆள் மாறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். 2006–11 ஆட்சியில் மட்டும் மூன்று பேர். இவர்களில் திறமைக் குறைவானவர் என்று நான் யாரையும் சுட்டவில்லை. வருபவர் எவ்வளவு பெரிய வழக்கறிஞராக இருந்தாலும், நூற்றாண்டு வயதான வழக்கின் கட்டுகளைப் படித்து முடிக்கும் முன்பே அவர் கிளம்ப வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

தான் நம்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது. இதை ஊழல் என்றோ அநியாயம் என்றோ தள்ளிவிட முடியாது. மக்கள் வாக்களித்து ஒரு கொள்கையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கொள்கையை நீதிமன்றத்தில் காக்க வேண்டியவர் மனதுக்குள் அதை எதிர்ப்பவராக இருந்தால் வழக்கு நொண்டும். 1950இல் பத்திரிகைத் தடை பற்றிய ரொமேஷ் தாப்பர் வழக்கில் சென்னை அரசுக்காக வாதாடிய அட்வகேட் ஜெனரல் ராஜா ஐயர் தோற்றார். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையைக் காக்க உச்ச நீதிமன்றத்தில் நின்ற திருவேங்கடாச்சாரியும் தோற்றார். அந்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது எதிர்த்தரப்பில் நின்றவர் முன்னாள் அட்வகேட் ஜெனரல் அல்லாடி! தோற்ற அந்த வாதங்கள்தான் முதல் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வழிவிட்டன. கட்சிக்காரரின் பக்கத்தை முழு மூச்சோடு எடுத்து வைப்பது வக்கீலின் வேலை. அரசு கட்சிக்காரராக இருந்தாலும் அப்படியே.

ஆனால், அட்வகேட் ஜெனரல் வெறும் வக்கீலாக மட்டும் இருப்பதில்லை. பொதுமக்கள் நீதிமன்றத்துக்குள் நுழையும் சில கதவுகளுக்கு அவர் காவலாளியும்கூட. சத்திரங்களும் அறக்கட்டளைகளும் நிறைந்த நம் ஜில்லாவில் இதற்குப் பெரிய பொருள் உண்டு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவின்படி, பொது அறக்கட்டளையின் சொத்து சூறையாடப்படுகிறது என்று வழக்குப் போட, அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து அட்வகேட் ஜெனரலின் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. சென்னைக்கு வெளியே, அரசின் முன் அனுமதியோடு கலெக்டரும் இந்த அதிகாரத்தைச் செலுத்த முடிந்தது. பங்காளிப் பகைக்காகத் தர்மகர்த்தாவைக் கோர்ட்டுக்கு இழுப்பவர்களைத் தடுத்தது இந்த ஏற்பாட்டின் நன்மை. அரசுக்கு வேண்டியவர் தர்மகர்த்தாவாக இருந்தால், ஒப்புதல் தரவேண்டியவரும் அரசின் ஆள்தான் என்பது இதன் ஓட்டை. இந்துக் கோயில்களைப் பொறுத்தவரை 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் இந்தப் பிரிவையே விலக்கிவிட்டது. மற்ற அறக்கட்டளைகளுக்கு 1976இல் நாடாளுமன்றம் அட்வகேட் ஜெனரலின் ஒப்புதலை நீக்கி, நீதிமன்றத்தின் அனுமதி என்று மாற்றியது. நல்ல திருத்தம். அதை மறுப்பவரை நான் பார்த்ததில்லை.

நீதிமன்ற அவமதிப்பில் அந்தக் காவல் இன்னும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, தனிமனிதர் ஒருவர் குற்றவியல் அவமதிப்பு வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக அட்வகேட் ஜெனரலின் ஒப்புதல் வேண்டும். 2020 செப்டம்பரில் நீட் தேர்வு குறித்து நடிகர் சூர்யா விட்ட அறிக்கையை அவமதிப்பாகக் கருத வேண்டும் என்று நீதிபதி ஒருவர் தலைமை நீதிபதிக்கு எழுதினார். நடவடிக்கை தேவையில்லை என்று அட்வகேட் ஜெனரல் விஜய் நாராயண் கருத்துச் சொன்னார். நீதிமன்றமும் மேற்கொண்டு போகவில்லை. ஆத்திரம் தணிய இடம் கொடுத்த அந்த முடிவு பதவியின் மதிப்பைக் கூட்டியது. நாளைக்கே ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் நீதிபதியைப் பழித்துப் பேசி, ஒப்புதல் கேட்டு மனு வந்தால்? அரசு நினைத்தால் மாற்றக்கூடியவரிடம் அந்த மனு போகிறது. அறக்கட்டளையில் சரி என்று பட்ட திருத்தம் இங்கேயும் சரியாகத்தான் இருக்க வேண்டும்.

அண்டை மாநிலங்கள் இரண்டு நிகழ்ச்சிகளைக் கொடுத்திருக்கின்றன. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு சூட்டில் கேரளம் கொதித்துக்கொண்டிருந்தபோது, அணைக்கு ஏதாவது ஆனாலும் அந்த நீரை இடுக்கி அணை தாங்கும் என்று அந்த மாநில அட்வகேட் ஜெனரல் தண்டபாணி உயர் நீதிமன்றத்தில் சொன்னார். நீதிமன்றத்துக்கு உண்மை சொல்வது வழக்கறிஞரின் கடமை. ஆனால், அமைச்சரவை அவரிடம் விளக்கம் கேட்டது. 2016 செப்டம்பரில் காவிரி நீரைத் திறந்துவிடும் உத்தரவைக் கர்நாடகம் மீறி நின்றபோது, அந்த மாநிலத்துக்காகப் பல்லாண்டு வாதாடிவந்த ஃபாலி நாரிமன், இந்த நிலையில் தன்னால் வாதாட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் கைவிரித்தார். நாரிமன் அரசுப் பதவியில் இல்லாத மூத்த வழக்கறிஞர். அந்தச் சுதந்திரம்தான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது.

தமிழ்நாட்டின் காவிரி வழக்கையும் டெல்லியில் மூத்த வழக்கறிஞர்கள்தான் நடத்தினார்கள். அட்வகேட் ஜெனரல் மாறிக்கொண்டே இருந்தும் வழக்கு குலையாமல் நின்றதற்கு யார் காரணம் என்று கேட்டால், நான் வழக்கறிஞர்களைக் காட்ட மாட்டேன். பொதுப்பணித் துறையின் காவிரி தொழில்நுட்பப் பிரிவைக் காட்டுவேன். அ.மோகனகிருஷ்ணன் போன்ற பொறியாளர்கள் பல்லாண்டு தலைமையேற்று நடத்திய அந்தப் பிரிவுதான் நீர் வரத்துப் புள்ளிகளையும் 1892, 1924 ஒப்பந்தங்களின் வரலாற்றையும் குறுவை, சம்பா, தாளடிக் கணக்கையும் தன் கையில் வைத்திருந்தது. ஆட்சிகள் மாறின, அந்த அறையின் அலமாரிகள் மாறவில்லை. 2007இல் கர்நாடகம் 192 டி.எம்.சி. தர வேண்டும் என்ற நடுவர் மன்றத் தீர்ப்பும், 2018 பிப்ரவரி 16இல் அது 177.25ஆகக் குறைந்ததும் கசப்புதான். வாதாட ஆதாரம் இல்லாமல் குறைந்தது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. சட்டப் பக்கத்தில் இப்படி ஒரு அலமாரி அட்வகேட் ஜெனரல் அலுவலகத்தில் ஏன் இல்லை?

மன்னார்குடி வட்டாரம் என்ற பெயரிலேயே 2010இல் தொடங்கிய மீத்தேன் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு உரிமம் தந்தது. 2011இல் மாநில அரசு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார், அந்தப் பிரசாரத்தின் நடுவே 2013 டிசம்பரில் உயிர் நீத்தார். அதே ஆண்டு ஜூலையில் அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது, 2015இல் முற்றாக மறுத்தது. அரசியலமைப்புச் சட்டத்தில் இயற்கை எரிவாயு மத்திய அரசின் பட்டியலில், விவசாயமும் நீரும் மாநிலத்தின் பட்டியலில். இங்கே மாநிலத்தின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பது தெளிவான சட்டக் கேள்வி. இத்தகைய கேள்விக்கு அட்வகேட் ஜெனரல் எழுதும் பதில் எப்போதுமே கோப்புக்குள் போய்விடும். அமெரிக்க மாநிலங்களில் அரசின் தலைமைச் சட்ட அலுவலர் தரும் கருத்துரைகளை அச்சிட்டு வெளியிடுகிறார்கள், எவரும் படிக்கலாம். நடந்துகொண்டிருக்கும் வழக்கின் ஆலோசனையை வெளியே சொல்ல முடியாதுதான். ஆனால், வழக்கு முடிந்து பத்தாண்டு ஆன பிறகும் மறைத்து என்ன காப்பாற்றுகிறோம்?

பதவிக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோருக்கு இலங்கை ஓர் எச்சரிக்கை. தமிழரான சிவா பசுபதி 1975 முதல் 1988 வரை அங்கே அரசின் தலைமைச் சட்ட அலுவலரான சட்டமா அதிபராக இருந்தார். இன்று அந்த நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும், பதவி நீக்கத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. இருந்தும் அரசியல் வழக்குகள் திரும்பப் பெறப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு அங்கே ஓய்ந்தபாடில்லை. வழக்குத் தொடுக்கும் அதிகாரம் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்போது நியமன முறை மட்டும் எதையும் மாற்றிவிடாது.

ஆகவே, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பது என் வாதம் இல்லை. கீழ்நிலை அரசு வழக்கறிஞர்களைத் தகுதி பார்த்து நியமிக்க வேண்டும் என்று பஞ்சாப் வழக்கொன்றில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அட்வகேட் ஜெனரலைத் தொடாமல்தான் நிற்கிறது. காவல் வேலைகளை நீதிமன்றத்திடம் விடுங்கள். ஆள் மாறினாலும் மாறாத நிரந்தரச் சட்டப் பிரிவு ஒன்றை அந்த அலுவலகத்தில் வையுங்கள். முடிந்த வழக்குகளின் கருத்துரைகளை வெளியிடுங்கள். மூன்றுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. அவமதிப்புச் சட்டத்துக்கு மட்டும் நாடாளுமன்றம் வேண்டும், மற்றவை மாநில அரசின் ஓர் ஆணையில் முடிகிற காரியம்.

2018 தீர்ப்பு காவிரிப் பங்கீட்டை 15 ஆண்டுகளுக்கு மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது 2033 பிப்ரவரியில் முடிகிறது. அதற்குள் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள், 2026இலும் 2031இலும். பெங்களூருவின் குடிநீர், மேகதாது அணைத் திட்டம், குறைந்துவரும் பாசனப் பரப்பு எல்லாம் அப்போது மறுபடியும் மேசைக்கு வரும். பாமணியாற்றங்கரையில் நாற்று விட்டுவிட்டு மேட்டூர் திறப்புக்குக் காத்திருப்பவர்கள் அன்றைக்கு அட்வகேட் ஜெனரல் யார் என்று கேட்கப் போவதில்லை. 1971 வழக்கின் கட்டிலிருந்து 2018 தீர்ப்பின் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரு ஆளாவது சென்னையில் அந்த அலுவலகத்தில் இருக்கிறாரா என்று மட்டும் மன்னார்குடிச் சங்கம் இப்போதே ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.