மறைத்து வைத்த பெயர்

வென்ற படத்துக்குத் தொடர்ச்சி எடுத்தால் கூட்டம் குறையாது என்பது திரைப்பட வணிகர்களின் நெடுநாள் நம்பிக்கை. அது பொய்த்த இடங்களுள் 'ஸ்டார் ட்ரெக்' வரிசையும் ஒன்று. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய அவ்விண்வெளிக் கதையை, 2009-இல் இயக்குநர் ஜே. ஜே. ஆப்ராம்ஸ் இளம் நடிகர்களைக் கொண்டு புதிதாகத் தொடங்கினார். வட அமெரிக்காவில் அப்படம் ஏறத்தாழ 25 கோடியே 77 லட்சம் டாலர் ஈட்டிற்று. 2013-இல் வந்த இரண்டாம் படம் அங்கே 23 கோடியைத் தொடவில்லை. 2016-இல் வந்த மூன்றாவதோ 16 கோடியையும் எட்டவில்லை. இரண்டாவதை வெளிநாட்டு வசூல் தாங்கிற்று. மூன்றாவதை அதுவும் தாங்கவில்லை.

நீண்ட இடைவெளியே காரணம் என்பார் உளர். பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2015-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்குக் கூட்டம் அலைமோதியதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாம் காணும் காரணம் வேறு.

முதற்படத்தில் எதிர்காலத்திலிருந்து வரும் பகைவன் ஒருவன், கதைத்தலைவன் கிர்க்கின் தந்தையைக் கொல்கிறான். கிர்க்கின் தோழன் ஸ்பாக் பிறந்த கோளையே அழிக்கிறான். காலம் கிளை பிரிந்துவிட்டது. பழைய கதையில் பிழைத்தவர் இனி மடியலாம், மடிந்தவர் பிழைக்கலாம். 'இனி நடப்பது உங்களுக்குத் தெரியாது' என்று பார்வையாளருக்குத் தந்த வாக்கு அது. இரண்டாம் படம் அவ்வாக்கை மீறியது. வேறு பெயரில் வந்த வில்லன், 1982-ஆம் ஆண்டுப் படத்தின் அதே கான்தான் என்பதை வெளியீடு வரை மறைத்தார்கள். (கான் நூனியன் சிங் என்ற பெயருடைய அவ்விந்தியப் பாத்திரத்தை முன்பு ஏற்றவர் மெக்சிகோ நடிகர், இப்போது ஏற்றவர் வெள்ளை ஆங்கிலேயர். பெயருக்குரியவர்களை இருமுறையும் எவரும் தேடவில்லை போலும்!) மறைத்தது பிழையென்று பின்னர் ஆப்ராம்ஸே ஒப்புக்கொண்டார்.

மறைத்ததை விடப் பெரும்பிழை, பழைய படத்தின் மரணக் காட்சியை ஆள்மாற்றி அரங்கேற்றியது. அன்று கதிர்வீச்சு அறையில் ஸ்பாக் இறந்தபோது கிர்க் கலங்கியதற்கு, 79 தொலைக்காட்சிப் பகுதிகளில் வளர்ந்த நட்பு பின்னணியாய் நின்றது. அவர் மீள இரண்டாண்டு காத்திருக்க நேர்ந்தது. இங்கோ, கண்ணாடிக்கு இப்புறம் ஸ்பாக் அலற, அப்புறம் மடிந்த கிர்க், கானின் இரத்தத்தால் அதே படத்தில் எழுந்துவிடுகிறார்! சாவுக்கே விலையில்லாத கதையில் எதற்கு அஞ்சுவது, எதற்கு அழுவது? அரங்கை விட்டு வெளியேறிய பார்வையாளர் தம் தீர்ப்பை அன்று சொல்லவில்லை. அடுத்த படத்தின் வாயிலில் சொன்னார்.

அதுதான் நமக்கு வருத்தம். ஜஸ்டின் லின் இயக்கிய மூன்றாம் படம் இரண்டாவதை விட நன்று. சிதறிப்போன கப்பற்குழுவினர் இருவர் இருவராக அந்நியக் கோளில் அலையும் பகுதிகளில் பழைய தொடரின் நகைச்சுவையும் பாசமும் திரும்பியிருந்தன. முதல் விளம்பரமோ இரைச்சலையும் மோட்டார் சைக்கிள் பாய்ச்சலையுமே காட்டிற்று. முதிய ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் 2015-இல் காலமாகியிருந்தார். படத்தில் இளைய ஸ்பாக், அம்முதியவர் விட்டுச்சென்ற பேழையைத் திறக்கிறார். உள்ளே பழைய குழுவினர் எழுவரும் சேர்ந்து நிற்கும் ஒரு நிழற்படம். அதன் பொருள் நன்கு உணர்ந்தவர்களுள் எத்தனையோ பேர் அப்போது வீட்டில் இருந்துவிட்டார்கள்.