மலை மௌனமும் ஆற்றங்கரையும்

கொடைக்கானல் மலைச்சாலையில் பெருமாள்மலை என்னும் ஊரில் போதி ஜெண்டோ என்றொரு தியான இல்லம் உண்டு. இயேசு சபைக் குருவான அருள்பணி அமா சாமி 1996-இல் அதை நிறுவினார். கிறிஸ்தவரும் பிற சமயத்தவரும் எச்சமயமும் சாராதவரும் அங்கே ஒரே கூடத்தில் அமர்கின்றனர். மூச்சைக் கவனித்தல், மணி ஒலித்ததும் எழுந்து மெல்ல நடத்தல், மீண்டும் அமர்தல், இடையே கைவேலை என நாள் நகர்கிறது. பௌத்தத் தியான முறையைக் கிறிஸ்தவ செபத்தோடு சேர்த்துப் பயில்வதும், அதனோடு இயற்கையைப் பேணும் நாட்டம் இணைவதும் இன்று பல நாடுகளில் பரவிவரும் போக்கு. நம் மக்களுள் சிலர் இதைக் கலப்படம் என்று ஒதுக்குகின்றனர். சிலர் வருங்காலத் திருச்சபையின் செபமே இதுதான் என்கின்றனர். ஏரலில், தாமிரபரணிக் கரையிலிருந்து நோக்கும் நமக்கு இரண்டு தீர்ப்புகளும் அவசரமாகவே படுகின்றன.

அமா சாமிக்கு வழிகாட்டிய மூத்தோருள் ஒருவர் ஜெர்மானிய இயேசு சபையினரான ஹூகோ எனோமியா லாசால். 1929 முதல் ஜப்பானில் பணியாற்றிய அவர், 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டினால் காயமுற்றுப் பிழைத்தவர். அழிந்த அந்நகரில் உலக அமைதிக்கான நினைவுப் பேராலயத்தை எழுப்பப் பாடுபட்டார். 1954-இல் அது நிறைவெய்தியது. ஜென் ஆசான்களின் காலடியில் அமர்ந்து கற்று, ஐரோப்பியக் கத்தோலிக்கரிடம் அம்முறையைக் கொண்டு சேர்த்தவரும் அவரே. மண் எரிவதைக் கண்ணால் கண்ட ஒருவர் தேடிய மௌனம் அது. மன அழுத்தம் தீர்க்கும் மருந்தாகத் தியானத்தை விற்போர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. அமா சாமி ஜப்பான் சென்று, யமதா கோஉன் என்னும் ஆசானிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றார். ஜென் என்பதே தியானம் என்னும் சொல் சீனம் வழியாகத் திரிந்த வடிவம். காஞ்சியிலிருந்து போதிதருமர் கொண்டு சென்றதாக மரபு கூறும் செல்வம், ஜப்பானைச் சுற்றிக்கொண்டு ஒரு தமிழ்க் குருவின் கைவழியாக நம் மலைக்கே மீண்டிருக்கிறது.

கலப்படம் என்னும் அச்சத்தை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. 1989 அக்டோபர் 15 அன்று, அவிலாவின் புனித தெரேசா திருநாளில், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. பிற சமயங்களின் தியான முறைகளுள் பயனுள்ளவற்றை ஏற்கலாம், ஆனால் கிறிஸ்தவ செபத்தின் இயல்பு மறையலாகாது என்பதே அதன் போக்கு. உடல் அடையும் இதத்தைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்கிவிடக் கூடாது என்றும் அது எச்சரித்தது. இந்த எச்சரிக்கை தேவையானது என்பதற்கு வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1995-இல் வெளியிட்ட 'வாழும் புத்தர், வாழும் கிறிஸ்து' சான்று. உலகெங்கும் கிறிஸ்தவரைக் கவர்ந்த அந்நூலில் அவர் தூய ஆவியாரையும் விழிப்புநிலையையும் ஏறக்குறைய ஒன்றாகவே காண்கிறார். அன்பு ததும்பும் நூல்தான்; ஆயினும் இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்பட இயலாது. விழிப்பு நாம் வளர்த்துக்கொள்ளும் திறன். தூய ஆவியாரோ விரும்பிய இடத்தில் வீசுபவர்; நாம் தூங்கும்போதும் நமக்குள் மன்றாடுபவர். பயிற்சியைப் பயிற்சியென்றும் அருளை அருளென்றும் அழைக்கும் வரையில், ஒரு கத்தோலிக்கர் மூச்சைக் கவனித்து அமர்வதால் அவருடைய விசுவாசம் குலைந்துவிடாது.

மறுபக்கத்துச் சகோதரர்களுக்கும் மனக்குறை உண்டு என்பதை மறக்கலாகாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994-இல் வெளிவந்த தம் நூலில் பௌத்தம் பற்றி எழுதியவை இலங்கைப் பிக்குகளைப் புண்படுத்தின. 1995 சனவரியில், யோசேப் வாசு அடிகளுக்கு அருளாளர் பட்டம் அளிக்க அவர் கொழும்பு வந்தபோது, பல்சமயக் கூட்டத்தைப் பிக்குகளின் தலைவர்கள் புறக்கணித்தனர். மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், நமக்கு மிக அருகில் நடந்தது அது. ஒன்றாய் அமர்ந்து மௌனம் காக்கும் ஒரு கூடம் இப்புண்ணுக்கு மருந்தாகலாம். அந்த அளவில் பெருமாள்மலைக்கு நாம் நன்றி உடையோம்.

நம் விமரிசனம் வேறிடத்தில் உள்ளது. இத்தியானங்கள் இயற்கையைப் பேசும்போது பெரும்பாலும் மூடுபனியையும் மலர்ப்பாத்தியையும் பறவைக் குரலையுமே பேசுகின்றன. நாம் அறிந்த இயற்கைக்கு வேறு முகமும் உண்டு. பொதிகையில் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்துக்கும் புன்னைக்காயல் கழிமுகத்துக்கும் இடையே நம்மைத் தொடும் ஆறு நம் ஆறு. மேலே உள்ள ஊர்களெல்லாம் கழித்துவிட்டது கீழே உள்ள நமக்கு வந்து சேரும். 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்வையிட வேண்டிய அளவுக்குக் கழிவுநீர்ச் சிக்கல் முற்றியிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது, அதே ஆறு ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்து, வணிகரின் சரக்கையும் உழவரின் வாழையையும் கொண்டுபோயிற்று; ஊரே துண்டாகி நின்றது. அந்நாள்களில் மூச்சைக் கவனிக்க எவருக்கும் ஓய்வில்லை. மாடியிலிருந்து மாடிக்குச் சோறு கைமாறியதே செபமாயிற்று.

மணற்கொள்ளைக்கு எதிராக 2010-இல் நீதிமன்றம் சென்று தடை பெற்றவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு. தியானக் கூடம் எதனோடும் அவருக்குத் தொடர்பிருந்ததில்லை. செபிக்கும் நாம் அன்று எங்கிருந்தோம் என்று யாரேனும் கேட்டால் விடை சொல்வது கடினம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடல் பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் கூர்ந்து நோக்கிய இயேசுவின் பார்வையை நினைவூட்டி, உணவுக்கு முன் செபிக்கும் வழக்கத்தை மீட்டெடுக்குமாறும் வேண்டுகிறது. இலங்கையின் இயேசு சபை இறையியலார் அலோசியஸ் பீரிஸ் இதற்கும் முன்பே, ஆசியத் திருச்சபை ஆசியச் சமயங்களின் யோர்தானில் மூழ்கி, ஆசிய வறுமையின் கல்வாரியிலும் ஏறவேண்டும் என்று எழுதினார். யோர்தானில் இறங்குவோர் பலர். மற்றதற்குத்தான் ஆள் குறைவு.

விழிப்புத் தியானத்துக்கு அடிப்படையான எட்டு நெறிகளுள் ஒன்றைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்கிறோம். அழகான சொல். கடைசிவரை விடாது பற்றுதலும் மறவாமையும் அதில் அடங்கும். தமிழ்ப் பௌத்தம் நமக்கு விட்டுச்சென்ற மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி கையில் ஏந்தியது அமுதசுரபி; அவள் துறவு பசித்தோர் நடுவில் நடந்தது. ஜப்பானிலிருந்து மீண்ட தியானம் இந்தப் பழைய தமிழ்த் தாயோடு இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பதே நம் குறை.

இன்னொன்றும் உண்டு. அமா சாமியின் நூல்கள் ஆங்கிலத்திலும் ஜெர்மானியத்திலும் வாசகரைப் பெற்றுள்ளன. வாழைத்தார் சுமக்கும் ஏரல் தொழிலாளிக்கு ஆங்கிலமும் இல்லை, மலையேறி ஒரு வாரம் தங்க விடுப்பும் இல்லை. அவருக்கு மூவேளைச் செபமணி இருக்கிறது. அது ஒலிக்கையில் கைவேலையை நிறுத்தி ஒரு கணம் நின்ற தலைமுறை நம் பாட்டன்மாருடையது. வரும் தவக்காலத்தில், வேலை முடிந்த மாலைகளில், தமிழிலேயே, ஆற்றங்கரையில் அரைமணி நேர மௌனத்துக்கு நம் பங்குகள் இடம் தரலாம். படித்துறையில் ஒதுங்கிக் கிடக்கும் பழந்துணியையும் பிளாஸ்டிக்கையும் அள்ளிவிட்டு அமர்வதென்றால் முக்கால் மணி நேரம் ஆகும்.