சேர்ந்திசையும் எமது அரங்கேற்றங்களும்

பீதோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் பாடகர் குழு முதல் மூன்று பகுதிகளிலும் வாய் திறப்பதில்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வாத்தியக்காரருக்குப் பின்னால், உயர்ந்த வரிசைகளில், சுரக்குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான்காவது பகுதியிலும் முதலில் எழுவது ஒரு தனிக்குரல்தான். மாலரின் இரண்டாவது சிம்பொனியில் காத்திருப்பு இன்னும் நீளமானது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக மௌனமாயிருந்துவிட்டு, காதுக்கு எட்டுமோ எட்டாதோ என்ற மெல்லிய குரலில் தொடங்குகிறார்கள். சிட்னி ஒபரா ஹவுஸின் பெரிய இசைமண்டபம் இரண்டாண்டுத் திருத்த வேலைகளுக்குப் பின் 2022 யூலையில் மீண்டும் திறக்கப்பட்டபோது, சிட்னி சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு சிமோன் யங் நடத்தியது இந்த மாலரைத்தான். பாடியவர்கள் சிட்னி பில்ஹார்மோனியா பாடகர்கள். பெரும்பாலோர் இதற்குச் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் வேறு தொழில் பார்ப்பவர்கள்.

இந்தக் குழுவின் தொடக்கம் ஒன்றும் பெரிதல்ல. 1920இல் ஹேர்ல்ஸ்டன் பார்க் என்ற புறநகரில் அயலவர்கள் கூடிப் பாடிய சங்கம் அது. அதுவே 1973 ஒக்ரோபர் 20ஆந் திகதி ஒபரா ஹவுஸ் திறப்பு விழாவில் ஒன்பதாவது சிம்பொனியைப் பாடியது. 2002இல் லண்டன் புறொம்ஸ் விழாவுக்குப் போய் சைமன் ரட்டிலின் கீழ் மாலரின் எட்டாவதையும் பாடியது. மெல்பேர்ணில் கதை இன்னும் பழையது. தங்கம் தேடி உலகமே வந்திறங்கிய 1853இல் றோயல் மெல்பேர்ண் பில்ஹார்மோனிக் தோன்றிற்று. மெல்பேர்ண் சிம்பொனி இசைக்குழுவுக்கென்றே ஒரு தொண்டர் பாடகர் குழு இருக்கிறது. 2008 வரை அது மெல்பேர்ண் கொறேல் என்ற பெயரில் இயங்கியது. வாத்தியம் வாசிப்பவர் தொழில்முறைக் கலைஞர், பின்னால் நின்று பாடுபவர் தொண்டர் என்ற இந்த ஏற்பாடு வெள்ளைக்காரரின் விசித்திரப் பழக்கமென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 1824 மே 7ஆந் திகதி வியன்னாவில் ஒன்பதாவது சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியபோதே தொழில்சாரா இசை ஆர்வலர்கள் அதிற் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

இந்த வரிசைகளில் எம்மவர் ஒருசிலர் நிற்கக்கூடும். ஆனால் எமது சமூகம் கலைக்கென்று செலவிடும் பணமும் நேரமும் வேறு திசையில் ஓடுகின்றன. எமது வாழ்வில் பெரிய கலை நிகழ்ச்சி அரங்கேற்றம். மண்டபம் எடுத்து, சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரரை அழைத்து, பிள்ளையின் படம் போட்ட மலர் அச்சிட்டு, உறவினரையும் ஊரவரையும் கூட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஒரே ஒரு பிள்ளையைப் பார்க்கிறோம். பிள்ளை பல ஆண்டுகள் உண்மையாகவே உழைத்திருக்கிறது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. எமது விமர்சனம், மறுநாள் என்ன நடக்கிறது என்பது பற்றியது. பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. பல்கலைக்கழகம், பிறகு வேலை, பிறகு கல்யாணம். கலை ஒரு சான்றிதழாகி அலுமாரிக்குள் போய்விடுகிறது. முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் ஒரு தமிழர் வாரந்தோறும் பாடப் போவதற்கு நாம் இந்நாட்டில் ஓர் இடம் வைக்கவில்லை. கோயிலில் பஞ்சபுராணம் ஓதலாம். அதற்கப்பால் பார்வையாளராக முன்வரிசையில் உட்காரலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எமது சங்கீதம் தனிக்குரலின் சங்கீதம், கற்பனைச் சுரமும் ஆலாபனையும் கூட்டத்துக்குரியவையல்ல என்பார்கள். அரைவாசி உண்மை. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோருமாகச் சேர்ந்து பாடுகிறார்கள். வித்துவானும் மாணவரும் அங்கே ஒரே வரியைப் பாடுகிறார்கள். ஆனால் அது ஒரே சுரத்தில் எல்லோரும் நடப்பது. ஐரோப்பியச் சேர்ந்திசையில் சொப்ரானோ, ஆல்ட்டோ, ரெனர், பாஸ் என்று நான்கு பேர் நான்கு பாதையில் நடக்கிறார்கள். பக்கத்திலுள்ளவர் வேறு சுரம் பாடும்போது தன் சுரத்தை விடாமலும், அதேவேளை அவரைக் கேட்டுக்கொண்டும் பாட வேண்டும். தன் குரல் தனியாகக் கேட்டால் அது பிழை. அரங்கேற்றத்துக்காக வளர்ந்த குரலுக்கு இதுதான் கடினம். சுரஞானம் இரண்டாம் பட்சம்.

இராகத்தின்மேல் நான்கு குரல்களை ஏற்றினால் இராகம் செத்துவிடுமா? தோடியை ஏற்றினால் செத்துவிடும் என்றே நாமும் நினைக்கிறோம். அதன் கமகங்களை நான்கு பேர் நான்கு விதமாக அசைத்தால் மிஞ்சுவது இரைச்சல். ஆனால் மோகனத்தின் ஐந்து சுரங்கள் ஒன்றோடொன்று சண்டை போடாதவை. இதையெல்லாம் எம்மில் ஒருவர் ஏற்கெனவே செய்துபார்த்திருக்கிறார். மலையாளத் திரையிசையில் பெயர்பெற்ற எம். பி. சீனிவாசன், சென்னை இளைஞர் இசைக்குழுவை உருவாக்கி, பாரதியின் பாடல்களுக்குச் சேர்ந்திசை வடிவம் தந்தார். அவர் கூட்டியவர்கள் சாதாரண இளைஞர்கள், நட்சத்திரப் பாடகர்களல்லர். 1988இல் அவர் மறைந்தார். எமது விழாக்களில் அவர் பெயரை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? திரைப்பாடகர் வந்திறங்கும்போது மண்டபம் நிரம்புகிறது.

இளையராஜாவின் திருவாசகம் 2005இல் வந்தபோது எம்மிடையே பெருமை பொங்கியது. மாணிக்கவாசகருக்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். நல்லது. ஆனால் அதை நாளை மெல்பேர்ணில் ஒரு முழு இசைக்குழுவுடன் மேடையேற்றுவதென்றால் பின்வரிசையில் நின்று பாடப் பயின்ற தமிழ்க் குரல்கள் எத்தனை கிடைக்கும்? இறுவட்டை வாங்கிய எல்லோரையும் கூட்டினாலும் ஒரு ரெனர் வரிசை தேறுமா என்பது எமக்குச் சந்தேகம்.

யாழ்ப்பாணத்தாருக்கு நான்கு குரல் புதிதுமல்ல. அமெரிக்க மிஷன் பாடசாலைகளின் வழியாக அது எப்போதோ வந்துவிட்டது. (உடுவில் பெண்கள் பாடசாலை தொடங்கியதும் அதே 1824இல்தான்.) மிஷனரிமார் உலகெங்கும் பரப்பிய தொனிக் சொல்ஃபா முறையில் ‘டோ’ எந்தச் சுருதியிலும் நிற்கும், எமது ஸட்ஜத்தைப் போல. ஆகவே சரளிவரிசை படித்த ஒருவர் ஐந்துகோட்டுக் குறிப்பைக் கற்பது எட்டாத காரியமல்ல. ஜேர்மன் உச்சரிப்பு உதட்டைக் குவிக்கச் சொல்லும்; பக்கத்தில் நிற்கும் அவுஸ்திரேலியருக்கும் அது அந்நிய பாஷைதான். குரல்தேர்வுக்கு அஞ்சுபவருக்கு, தேர்வு எதுவுமின்றிச் சேர்ந்து ஒரே வார இறுதியில் பயின்று ஒபரா ஹவுஸில் பாடும் கோரஸ்-ஒஸ் என்ற நிகழ்ச்சியை இதே சிட்னி பில்ஹார்மோனியா நடத்தி வந்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் பாட்டு வகுப்புக்கு வெளியே, பிள்ளை வரும்வரை காருக்குள் காத்திருக்கும் தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களில் சிலர் ஊரில் வர்ணம், கீர்த்தனை வரை படித்தவர்கள். வாரத்தில் ஒரு மாலை ஒத்திகைக்குப் போங்களேன் என்றால் அவர்கள் முதலில் கேட்பது இசையைப் பற்றியதாக இராது. அன்றிரவு சமையலை யார் பார்ப்பது என்பதாகவே இருக்கும். எமது வீடுகளிற் பலவற்றில் பேச்சு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.