சாக்சபோன் இசையில் மெய்ப்பாடு: பிறப்பியல் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

கருவியிசை பற்றித் தமிழில் எழுதப்படும் மதிப்புரைகளில் 'பாவத்தோடு வாசித்தார்', 'உருக்கமாக இழைத்தார்' ஆகிய தொடர்கள் மிகுதியாக வழங்குகின்றன. இவை கேட்டவரின் நிறைவைக் கூறுகின்றன. வாசித்தவர் என்ன செய்தார் என்பதைக் கூறுவதில்லை. ஒரே சுரவரிசையை இருவர் பிழையின்றி ஊதும்போது ஒருவர் ஊதியது மட்டும் நெஞ்சில் தங்குவது எதனால் என்னும் வினா விடையின்றியே நிற்கிறது. விடை தேடப்படாத நிலையில், உணர்ச்சி வெளிப்பாடு பிறவிக்கொடை, அதனைக் கற்கவும் கற்பிக்கவும் இயலாது என்னும் எண்ணம் வேரூன்றிவிடுகிறது. இவ்வெண்ணம் கற்பவரைச் சோர்வுறச் செய்கிறது. திறனாய்வாளரின் பொறுப்பையும் குறைத்துவிடுகிறது.

இவ்வினாவை ஆராய்வதற்குச் சாக்சபோன் பொருத்தமான கருவியாகும். அதன் சுரத்தானங்களைப் பெரிதும் கருவியின் பொறியமைப்பே வரையறுத்துவிடுகிறது. ஆகவே, வாசிப்பவர் தாமாகச் சேர்ப்பது எது என்பதை அதில் தெளிவாகப் பிரித்தறிய முடியும். தொல்காப்பியப் பிறப்பியலும் மெய்ப்பாட்டியலும் தரும் கருத்துகளின் துணையோடு, கத்ரி கோபால்நாத், ஜான் கோல்ட்ரேன் ஆகிய இருவரின் வாசிப்பை முன்வைத்து, சாக்சபோனில் உணர்ச்சி பிறக்கும் இடத்தைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் (1814–1894) உருவாக்கிய இக்கருவிக்கு 1846ஆம் ஆண்டு பாரிசில் காப்புரிமை வழங்கப்பட்டது. இதன் உடல் பித்தளையால் ஆனது. ஆயினும் ஒலி பிறப்பது ரீடு எனப்படும் ஒற்றை நாணல் தகட்டின் அதிர்வினால் ஆகும். இதனாலேயே இது மரக்காற்றுக் கருவிகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது. நாகசுரத்தின் சீவாளியும் நாணல் இனத்தைச் சார்ந்ததே. அது இரட்டைத் தகடு உடையது. இரு கருவிகளின் உட்குழாயும் மேலே குறுகிக் கீழே விரிந்து செல்வது. இவ்வகையில் இவற்றை உறவுடைய கருவிகள் எனலாம்.

வேறுபாடு துளைகளில் உள்ளது. நாகசுரக் கலைஞரின் விரல் துளையை நேரே தொடுகிறது. அரைத்துளை, கால்துளை எனச் சிறிது சிறிதாகத் திறக்க அதனால் முடிகிறது. சாக்சபோனின் துளைகள் விரலால் மூட இயலாத அளவு பெரியவை. அவற்றைச் சாவிகளோடு இணைந்த மூடிகளே அடைக்கின்றன. விரல் சாவியை அழுத்துகிறதேயன்றித் துளையை அறிவதில்லை. எனவே, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் இழைவை விரலைக்கொண்டு மட்டும் பெறுவது அரிது. அந்த இழைவு உதட்டிலும் மிடற்றிலும் மூச்சிலும் பிறந்தாக வேண்டும்.

பேச்சுறுப்புகளே இசையுறுப்புகள்

உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. மொழியொலிக்குக் கூறப்பட்ட இவ்விளக்கம் சாக்சபோன் ஊதுவோரின் உடற்தொழிலுக்கும் பெரிதும் பொருந்தி வருவது குறிப்பிடத்தக்கது. மேற்பல் ஊதுவாயின்மேல் படிகிறது. கீழிதழ் ரீடுக்கு மெத்தையாக அமைகிறது. நா ரீடைத் தொட்டு ஒலியைத் தொடங்கியும் நிறுத்தியும் வைக்கிறது. மிடறும் அண்ணமும் வாயறையின் வடிவை மாற்றி ஒலியின் நிறத்தை மாற்றுகின்றன. இதழின் இறுக்கம் தளர்ந்தால் சுரம் தாழ்கிறது. இவை அனைத்திற்கும் அடியில் வயிற்றிலிருந்து எழும் காற்றின் சீரான தாங்குதல் உள்ளது.

இதனைக் கற்பிப்போர் நெடுங்காலமாக உணர்ந்தே வந்துள்ளனர். மேலைநாட்டுச் சாக்சபோன் பயிற்சியில் நாவின் தொழில் 'தா', 'டா', 'லா' போன்ற அசைகளால் கற்பிக்கப்படுகிறது. நாகசுர மரபில் நாவால் காற்றை வெட்டி ஊதும் முறைக்குத் துத்துகாரம் என்றே பெயர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மரபுகள், ஊதும் கலையைப் பேச்சசையின் பெயரால் அழைப்பது தற்செயலாகாது. வல்லெழுத்துப் போலத் தொடங்கும் சுரமும் மெல்லெழுத்துப் போலத் தொடங்கும் சுரமும் தானத்தால் ஒன்றாயினும் கேட்போர் மனத்தில் வெவ்வேறாகவே பதிகின்றன. எல்லாச் சுரங்களையும் ஒரே நாத்தொழிலால் தொடங்குபவரின் வாசிப்பு, எல்லாச் சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்கும் பேச்சைப் போன்றது. அது பிழையற்றதாக இருக்கலாம், பேச்சாக இராது.

நீட்டலுக்கும் இவ்வாறே இலக்கணம் உண்டு. இசையோடு பொருந்தும்போது உயிரெழுத்து தன் மாத்திரையைக் கடந்து ஒலிப்பதையும் ஒற்றெழுத்தும் நீண்டிசைப்பதையும் நூன்மரபின் இறுதி நூற்பா எடுத்துரைத்து, அதனை யாழ்நூலின்பாற் படுத்துகிறது. நெடுஞ்சுரம் ஒன்றைச் சாக்சபோனில் தாங்கி நிற்பது இத்தகைய அளபெடையாகும். அளபெடை நிலைத்த ஒலியன்று. அதற்குத் தோற்றமும் வளர்ச்சியும் ஒடுக்கமும் உண்டு. சாக்சபோன் பயில்வோர் நாள்தோறும் நெடுஞ்சுரங்களை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் மெலிவித்துப் பழகுவதன் காரணம் இதுவே. ஆனால் நெடுஞ்சுரம் ஒவ்வொன்றிலும் 'வைப்ரேட்டோ' எனப்படும் அதிர்வசைவைச் சேர்ப்பதே உணர்ச்சி என்னும் தவறான புரிதலும் பரவியுள்ளது. சொல்லுக்குச் சொல் குரல் தழுதழுக்கப் பேசுபவரின் துயரத்தை எவரும் நம்புவதில்லை. அசைவின்றித் தொடங்கிய சுரம், முடியும் தறுவாயில் மட்டும் அதிரும்போதுதான் அவ்வதிர்வு பொருளுடையதாகிறது.

கோல்ட்ரேன்: எழுதிய சொல்லை ஊதுதல்

பேச்சசைக்கும் சாக்சபோன் ஒலிக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டும் ஒலிப்பதிவு, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் (1926–1967) 1964 டிசம்பரில் பதிவு செய்து 1965இல் வெளிவந்த 'எ லவ் சுப்ரீம்' ஆகும். இதன் நான்காம் பகுதி 'சாம்' எனப்படுகிறது. திருப்பாடல் என்பது அதன் பொருள். இசைத்தட்டின் உறையில் கோல்ட்ரேன் இயற்றிய இறைவேண்டல் கவிதை ஒன்று அச்சிடப்பட்டுள்ளது. நான்காம் பகுதியில் ஒருவரும் பாடுவதில்லை. எனினும், அதில் ஒலிக்கும் சாக்சபோன் அக்கவிதையை அசைக்கு அசை தொடர்ந்து செல்வதை லூயிஸ் போர்ட்டர் என்னும் இசை ஆய்வாளர் ஒப்பிட்டு நிறுவியுள்ளார்.

இப்பகுதியில் சீரான தாள ஓட்டம் இல்லை. பியானோவும் பாசும் தாளக்கருவியும் அலைபோல் எழுந்து தாழ, அவற்றின்மேல் சாக்சபோன் ஓதுவது போல் நகர்கிறது. கவிதையில் திரும்பத் திரும்ப வரும் நன்றிமொழி இசையிலும் பெரும்பாலும் ஒத்த இறங்குமுகமாகவே அமைகிறது. விரைவான சுரக்கோவைகளுக்குப் பெயர்பெற்ற கலைஞர், இங்கு விரைவை அறவே விலக்கியிருப்பது கருதத்தக்கது. சொல் இருக்குமிடத்தில் மூச்சு நிற்க வேண்டிய இடமும் தானே அமைந்துவிடுகிறது. கவிதையை அறியாதவரும் இவ்விசையில் ஒருவர் எதையோ சொல்லிக்கொண்டிருப்பதை உணர்கின்றனர். மறைந்து நிற்கும் சொல் ஒலியின் நடையை ஆள்வதே இதற்குக் காரணம் எனலாம்.

கத்ரி கோபால்நாத்: மரபும் கருவியும்

கருநாடக இசையில் சாக்சபோனுக்கு இடம்பெற்றுத் தந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) தென்கன்னட மாவட்டத்தில் நாகசுரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டவர். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர்ச் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். 1994இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நிகழ்ந்த பி.பி.சி. இசைவிழாவில் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவரைப் பற்றிய பாராட்டுகளில் 'மேலைக் கருவியை வென்றவர்', 'சாக்சபோனை நாகசுரமாக்கியவர்' என்னும் இரண்டும் அடிக்கடி வருவன. இவ்விரண்டும் அவர் செய்ததைக் குறைத்தே கூறுகின்றன. கருவியில் அவர் சில மாற்றங்களைச் செய்துகொண்டது உண்மையே. ஆயினும் அவருக்குப் பாடம் சொன்ன டி.வி. கோபாலகிருஷ்ணன் வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவர் என்பது இங்கு நோக்கத்தக்கது. பாடுபவரிடம் கற்கும்போது கீர்த்தனை சாகித்தியத்தோடு வந்து சேர்கிறது. சாகித்தியம் அறிந்து ஊதுபவர் பதத்தின் நடுவே மூச்செடுக்கத் தயங்குவார். யாப்பிலக்கணத்தார் வகையுளி என்று சுட்டும் சொற்பிளவு, இசையில் இடமறியாது எடுக்கும் மூச்சினால் நேர்கிறது. யாப்பில் அது இடமறிந்து கொள்ளப்படும். ஊதுவோரிடம் அது பெரும்பாலும் கவனக்குறைவின் விளைவாகவே அமைகிறது.

அவருடைய மேடைகளில் பெரிதும் விரும்பிக் கேட்கப்பட்டது, பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா' என்னும் கதனகுதூகல இராகக் கீர்த்தனை. கதனகுதூகலம் தாவிச் செல்லும் சுரங்களை உடையது; கமகம் குறைந்தது. சாவிகளையுடைய கருவிக்கு இவ்வியல்பு எளிதில் இணங்குகிறது. ஆகவே, அக்கீர்த்தனை தந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு கருவியின் இயல்பிற்கும் உரியதாகும். கலைஞரின் திறத்தை அளக்க அதனினும் தக்க களம், தோடி போன்ற கமகம் நிறைந்த இராகமே. தோடியின் காந்தாரம் நிலைத்து நிற்கும் சுரமன்று. ரிடபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே ஊசலாடுவதே அதன் உயிர். டி.என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுரத்தில் தோடிக்குத் தந்த பெருமையை அறிந்த செவிகள், சாவியால் அடைபட்ட துளைகளிலிருந்து அதே காந்தாரத்தை எதிர்பார்ப்பது கடுமையான சோதனையே. அவ்வூசலைக் கத்ரி பெற்றது இதழாலும் மூச்சாலும் ஆகும். மேல் நோக்கி வளைப்பதைவிடக் கீழ் நோக்கித் தளர்த்துவதே இக்கருவியில் எளிது. அதனால் அவருடைய கமகம் நாகசுரத்தைவிட மென்மையாகவும் சற்றுத் தாழ்ந்து எழுவதாகவும் கேட்கிறது. இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. சாக்சபோனுக்கே உரிய தோடி ஒன்று உண்டு என்பதை இது காட்டுகிறது. நாகசுரத்தோடு ஒப்பிட்டு மட்டுமே அவரைப் பாராட்டுபவர் இத்தனித்தன்மையைக் கேளாது விட்டுவிடுகின்றனர்.

கே. பாலச்சந்தரின் 'டூயட்' (1994) திரைப்படத்தில் ஏ.ஆர். ரகுமானின் இசையில் அவர் வாசித்ததன் வழியாகவே தமிழ்மக்களுள் பலர் சாக்சபோனை நெருங்கி அறிந்தனர். இதன் பயன் பெரிது. அதே வேளையில், சாக்சபோன் என்றாலே காதலும் பிரிவும் என்னும் குறுகிய இணைப்பும் வலுப்பெற்றது. மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைக் கூறுகிறது. அவற்றுள் ஓரிரண்டை மட்டும் ஒரு கருவிக்கு உரிமையாக்குவது, அக்கருவியின் ஏனைய வாயில்களை அடைப்பதாகும்.

ஒரு தடை, அதற்கு விடை

சொல்லே உணர்ச்சிக்கு அடிப்படை எனில், சாகித்தியம் இல்லாத ஆலாபனை எவ்வாறு உருக்குகிறது என்று வினவலாம். இவ்வினா ஏற்கத்தக்கதே. ஆலாபனையிலும் பாடுவோர் வெறும் ஒலியை எழுப்புவதில்லை. 'த', 'ரி', 'ந' போன்ற பொருளற்ற அசைகளைக் கொண்டே பாடுகின்றனர். பொருள் நீங்கியபோதும் உச்சரிப்பு நீங்கவில்லை. எனவே, கருவியில் உணர்ச்சியைப் பிறப்பிப்பது சொல்லின் பொருள் எனக் கொள்வதைவிட, சொல்லுதல் என்னும் உடற்தொழில் எனக் கொள்வதே பொருந்தும். கோல்ட்ரேனின் நான்காம் பகுதி, கவிதையின் பொருளை அறியாதவரையும் தொடுவது இக்கருத்திற்கு அரண் செய்கிறது.

உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலனாதலே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கத்தின் சாரம். சாக்சபோன் வாசிப்பவரின் உடல் கேட்போர் கண்ணுக்கு முழுமையாகப் புலப்படுவதில்லை. மிடறும் நாவும் உந்தியும் மறைவாகவே தொழிற்படுகின்றன. எனினும் அவற்றின் அசைவு ஒவ்வொன்றும் செவிக்குப் புலனாகிறது. மேடையில் உடலை வளைத்தும் கண்மூடியும் காட்டுவது உணர்ச்சியாகத் தோன்றலாம். இருளில் கேட்பவருக்கு எஞ்சுவது காற்றும் நாவும் செய்தது மட்டுமே.

முடிவுரை

சாக்சபோனில் உணர்ச்சி என்பது சுரங்களின்மேல் பிறகு பூசப்படும் வண்ணமன்று. பேச்சைப் பிறப்பிக்கும் உறுப்புகளே சுரத்தையும் பிறப்பிப்பதால், உச்சரிப்பின் நுட்பம் வாசிப்பில் இறங்கும் அளவிற்கே உணர்ச்சியும் இறங்குகிறது. இது பயிற்சிக்கு உரியது. வாசிக்கவிருக்கும் பகுதியை முதலில் வாயால் சொல்லி, பின் பாடி, மூச்செடுக்கும் இடங்களைச் சொல்லெல்லையில் அமைத்து, அதன்பின் ஊதும் முறை கற்பவர் எவர்க்கும் இயல்வதே. அழுத்தமான சுரத்திற்கும் மெல்லிய சுரத்திற்கும் நாத்தொழிலை வேறுபடுத்துவதும், நெடுஞ்சுரத்தை அளபெடை போல் வளர்த்து ஒடுக்குவதும், அதிர்வசைவை அளந்து பயன்படுத்துவதும் இதன் பகுதிகளே.

திறனாய்வாளர்க்கும் இதனால் ஒரு கடமை ஏற்படுகிறது. 'உருக்கமாக வாசித்தார்' என்று எழுதும்முன், சுரம் எவ்வாறு தொடங்கியது, எவ்வளவு நேரம் தாங்கப்பட்டது, மூச்சு எங்கே நின்றது என்பவற்றைக் கேட்டறிந்து கூறுதல் வேண்டும். எழுத்தின் பிறப்பை இத்துணை நுட்பமாக ஆராய்ந்த மொழியில் அதற்குரிய சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை இசைக்குப் பயன்படுத்தும் முயற்சியே தேவைப்படுகிறது.