தராசு கேட்காமல் விட்ட கேள்வி

புளூடூத் தராசு ஒன்றையும் அதோடு சேர்ந்த செயலியையும் ஏழு கிழமையாகப் பாவித்துப் பார்த்தேன். கல்முனை பஸாரில் வாங்கியது, விலை 5,000 ரூபாய்க்குச் சற்று உள்ளே. மேலே கண்ணாடி, நான்கு உலோகத் தகடு, அடியில் மூன்று சின்னப் பற்றரி. வாங்கும்போது என் மகளுக்கு ஒன்பது கிழமை. தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள்.

நிறையைக் குறைக்கச் சொன்னவர் வைத்தியர். இவள் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்தது. வாப்பாவுக்கும் சீனி வருத்தம். பிள்ளை பிறந்து 6 முதல் 12 கிழமைக்குள் குளுக்கோஸ் குடித்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்கள், போனேன், முடிவு நல்லபடி வந்தது. ஆனாலும் கர்ப்பத்தில் ஒருமுறை வந்தவர்களுக்கு இது பிற்காலத்தில் நிரந்தரமாக வரக்கூடிய ஆபத்து கூட. நிறை குறைவதும் பால் கொடுப்பதும் இரண்டுமே அந்த ஆபத்தைக் குறைக்கும். எனக்கு உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 28ஐத் தாண்டியிருந்தது. ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே கவனம் வேண்டும்.

முதலில் தராசைச் சோதித்தேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கடையில் விற்கும் 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினேன். தனியாக 68.0 காட்டியது, போத்தலோடு 73.1. வெறும் போத்தலின் நிறையையும் சேர்த்தால் கணக்குச் சரி. மூன்று தடவை இறங்கி ஏறியும் மாறவில்லை. பிறகு அதையே பன்பாயின் மேல் வைத்தேன். 66.7! மெத்தென்ற இடத்தில் தராசின் கால்கள் அமுங்கிவிடுகின்றன. ஆகவே சீமெந்துத் தரையோ டைல்ஸோதான் இதற்கு இடம். அங்கே வைத்தால் நிறையைப் பொறுத்தவரை நம்பலாம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி, என் நிறையைக் கழித்துப் பார்க்கும் ஆசை எல்லாத் தாய்க்கும் வரும். எனக்கும் வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் 5.1, 5.3, 5.0 என்று மூன்று விடை கிடைத்தன. இந்த வயதுப் பிள்ளை ஒரு கிழமையில் கூடுவதே ஏறக்குறைய 150 முதல் 200 கிராம்தான். அந்தக் கிழமை முழுவதையும் இந்தத் தராசின் பிசகு விழுங்கிவிடும். பிள்ளையைக் கிளினிக்கில்தான் நிறுக்க வேண்டும்.

உடற்கொழுப்பு வீதம் காட்டுவதுதான் இதன் பெரிய விளம்பரம். வெறுங்காலோடு நிற்கும்போது உணர முடியாத அளவு மின்சாரம் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்குகிறது. நீர் உள்ள தசை அதைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்து ஒரு சூத்திரம் மிச்சத்தை ஊகிக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பில் நீர் ஒரு நிலையில் நிற்பதில்லை. பாலாகவே நாளொன்றுக்கு முக்கால் லீற்றர் அளவு வெளியே போகிறது. ஒரு காலையில் பால் கொடுக்க முன் 36.8 வீதம், கொடுத்து முடித்து ஒரு மணித்தியாலத்தில் 38.1. அந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்குக் கொழுப்பு கூடியிருக்க முடியாது. அதன்பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதை விட்டுவிட்டேன்.

செயலிக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வயது, உயரம், நிறை, ஆணா பெண்ணா, எத்தனை கிலோவுக்கு இறங்க வேண்டும் என்றெல்லாம் கேட்டது. பால் கொடுக்கிறீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. என் உடம்பு சும்மா இருக்கவே ஏறத்தாழ 1,340 கலோரி வேண்டும் என்று கணக்குப் போட்டு, வீட்டில் இருப்பவள் என்பதால் 1,610 ஆக்கி, கிழமைக்கு அரைக் கிலோ குறைய 550ஐக் கழித்தது. வந்த எண் மிகவும் தாழ்வு என்று அதற்கே பட்டதோ என்னவோ, பெண்களுக்கு வைத்திருக்கும் அடிமட்டமான 1,200இல் கொண்டுவந்து நிறுத்தியது.

பால் உண்டாக்க உடம்பு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி செலவழிக்கிறது. அதைச் சேர்த்தால் என் தேவை 2,100. அதில் 300ஐக் குறைத்து 1,800 சாப்பிட்டால் மெல்ல இறங்கும். செயலி சொன்னதற்கும் இதற்கும் 600 கலோரி வித்தியாசம், அதாவது ஒரு நேரச் சாப்பாடு. செயலி எடுத்துவிடச் சொன்னது அதைத்தான்.

நான் அது சொன்னதை ஒன்பது நாள் கேட்டேன். 1.5 கிலோ இறங்கியது, பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும். சுஜூதிலிருந்து எழும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரவில் பிள்ளையைத் தூக்கவே கை நடுங்கியது. மூத்தம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ள, பால் குடுக்கிற உடம்பக் காயப் போடாத" என்றா. பால் உடனே வற்றிவிடுவதில்லை. தாயின் உடம்பு தன் சேமிப்பைக் கரைத்தாவது பாலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். முதலில் உடைவது தாய்.

பத்தாம் நாள் பிள்ளை நிறுக்கிற கிளினிக். மிட்வைஃப் மிஸ் என் கைபேசியை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "இதுக்குப் புள்ள ஒண்டு இருக்கிறதே தெரியாது" என்றார். பிறகு பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை விரித்து, வளைகோட்டில் புதுப் புள்ளியை வைத்துக் காட்டினார். கோட்டோடு ஒட்டி ஏறியிருந்தாள். "முதல்ல இந்தக் கோடு. அதுக்குப் பிறகு உங்கட கோடு." 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் இன்றைக்கும் இந்த மிஸ்ஸைப் போன்ற குடும்ப நல உத்தியோகத்தரை நம் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறது. செயலி கேட்காமல் விட்டதை அவர் வந்தவுடன் கேட்கிறார்.

மெல்லக் குறைப்பது பிள்ளையைப் பாதிக்குமா என்ற பயத்துக்குப் பதில் இருக்கிறது. நிறை கூடிய 40 பாலூட்டும் தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. பிள்ளைக்கு நான்கு கிழமையானபின் தொடங்கி, ஒரு பிரிவினர் பத்துக் கிழமை உணவில் 500 கலோரி குறைத்து, கிழமையில் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள். கிழமைக்கு அரைக் கிலோ அளவு இறங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் மற்றப் பிரிவின் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள்.

ஆகவே செயலியை நான் திருத்தி வைத்தேன். கிழமை இலக்கை ஆகக் குறைந்த 0.25 கிலோவாக்கினேன். கலோரி எண்ணைக் கையால் அடிக்க விடுகிறது, 1,800 என்று அடித்தேன். 16 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கச் சொல்லும் கடிகாரத்தை நிறுத்தினேன். றமழானிலேயே பாலூட்டும் தாய்க்குச் சலுகை இருக்கிறது, ஒரு செயலிக்காக நான் பட்டினி கிடப்பதா?

சாப்பாட்டுப் பட்டியலில் நம் ஊர் இல்லை. இடியப்பம் இல்லை, பால் ஆணம் இல்லை, கிளினிக்கில் தரும் திரிபோஷா இல்லை. ஒரு கிழமை உட்கார்ந்து சமையல் தராசில் நிறுத்து நானே பதிந்தேன். அந்த வேலைக்குப் பலன் கிடைத்தது. சமைத்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, துருவிய தேங்காய் 100 கிராமுக்கு 350. பிள்ளை பெற்ற நாற்பது நாளில் மூத்தம்மா ஆக்கித் தந்த பால்சுறாவும் உள்ளி போட்ட சரக்குக் கறியும் என்னை ஏற்றவில்லை. அவை நல்ல புரதம். ஏற்றியது, பிள்ளை பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து குடித்த சீனித் தேத்தண்ணியும், சோற்றின் மேல் ஊற்றிய நெய்யும். நாளுக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. அதுவே 200 கலோரிக்குக் குறையாது. சீனியை விட்டேன். மீன், முட்டை, பருப்பு, முருங்கையிலை எதையும் விடவில்லை.

பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தகப்பனின் பொறுப்பாகக் குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம் வைத்திருக்கிறது. என் கணவர் அதைப் பகல் சாப்பாட்டுக்கு மீன் வாங்கித் தருவதோடு நிறுத்தவில்லை. சுபஹுக்குப் பிறகு பிள்ளையை அவர் வைத்துக்கொள்ள, உம்மாவும் நானும் கடற்கரையில் அரை மணித்தியாலம் நடக்கிறோம்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை மட்டும், சாப்பிட முன், தராசில் ஏறுகிறேன். ஒன்பது நாளில் போனதில் பாதி திரும்பி வந்தது. அதன்பின் மெல்ல இறங்கி, நேற்று 65.6. தலைச்சுற்று இல்லை. முதல் ஆறு கிழமையில் இருப்பவர்கள், சிசேரியன் காயம் ஆறாதவர்கள் இதை இப்போது வாங்க வேண்டாம். முயற்சி செய்யாமலே நிறை கொட்டி, நெஞ்சு படபடத்தால் தைரொயிட் கோளாறாக இருக்கலாம், வைத்தியரிடம் போங்கள். மற்றவர்களுக்குத் தராசு கொடுத்த காசுக்குத் தகும். செயலியைத் திருத்தாமல் பாவிக்காதீர்கள். காசு கொடுக்க முன், கடையிலேயே 5 லீற்றர் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஒருதரம் ஏறிப் பாருங்கள்.