மாணவர் படம் ஒன்று தரும் பாடம்

கமராவைக் கையாளவும் படத்தைத் தொகுக்கவும் முற்றக் கற்ற பின்னரே கருத்தைச் சொல்லப் புகவேண்டும் என்பார் உளர். அவை ஒருங்கே கைவரும் என்பதற்குச் சான்று, போலந்தின் ஊட்ச் நகரத் திரைப்படக் கல்லூரியில் மாணவராயிருந்த றோமன் பொலான்ஸ்கி 1958இல் ஆக்கிய ‘இரு மனிதரும் ஓர் அலுமாரியும்’ என்னும் குறும்படம்.

கடலினின்றும் வெளிப்படும் இருவர், கண்ணாடி பதித்த அலுமாரியொன்றைச் சுமந்து நகரெங்கும் அலைகின்றனர். எங்கும் இடம்பெறாது கடலுக்கே மீள்கின்றனர். உரையாடல் அறவே இல்லை. ஆதலின், பொருளின் பெரும்பகுதியைக் கமராவும் தொகுப்புமே தாங்க வேண்டியதாயிற்று. கயவனொருவன் பின்னே நெருங்குவதை இளம்பெண்ணொருத்தி அலுமாரிக் கண்ணாடியிற் கண்டு விலகுகின்றாள். ஈண்டுக் கமரா நிற்கும் இடமே எச்சரிக்கையாகின்றது. கண்ணாடிமேற் கிடக்கும் மீன் முகிலிடை மிதப்பதுபோலத் தோன்றுவதும் அவ்வாறே.

இடையிடையே வரும் களவும் கொலையுமாகிய காட்சிகள் கதையோடு ஒட்டாது அறிவுரைபோல நிற்பது குறையே. எனினும், அக்குறையும் கற்போர்க்குப் பயனுடையது. இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தல் எளிது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கச் செய்தலே தொகுப்புக் கலை. உரையாடலை விலக்கிப் படமெடுக்கப் புகும் மாணவர்க்கு அவ்வேறுபாடு முதற் பயிற்சியிலேயே புலப்படும்.